மாமோகிராம் பரிசோதனை: ஜவ்வாது மலை மக்களுக்கான விளக்கக் கையேடு

மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் எக்ஸ்ரே படமே மாமோகிராம். படம் எடுக்க ஆகும் நேரம் ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடங்கள் மட்டுமே. ஆனால் மலையில் வாழும் ஒரு பெண்ணுக்கு இப்பரிசோதனை என்பது ஒரு முழு நாள் பயணம். சில வேளைகளில் இரண்டு அல்லது மூன்று பயணங்கள். பேருந்து நேரம், அன்றைய கூலி இழப்பு, வீட்டில் விட்டுச்செல்லும் பிள்ளைகள், ஆடுமாடுகள் ஆகிய அனைத்தையும் எண்ணியே அவர் புறப்பட வேண்டியுள்ளது. எனவே, பரிசோதனை அறைக்குள் என்ன நடக்கும் என்பதோடு, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். படம் எடுத்ததோடு பரிசோதனை முடிவதில்லை. அதன் முடிவை அறிந்து, மருத்துவர் கூறும் அடுத்த படியையும் நிறைவேற்றும்போதே அது முழுமை பெறுகிறது.

மாமோகிராம் என்றால் என்ன?

மிகக் குறைந்த அளவு எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு மார்பகத்தின் உட்பகுதியைப் படம் பிடிக்கும் முறை இது. கையால் தொட்டு உணர முடியாத சிறு கட்டிகளையும், உப்புத் தூள் போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளையும் இப்படத்தில் காணலாம். இப்படிவுகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒரே இடத்தில் கொத்தாகவும் ஒழுங்கற்ற வடிவிலும் அமைந்தவை சில நேரங்களில் புற்றுநோயின் தொடக்கத்தைக் காட்டக்கூடும்.

மாமோகிராம் ஒரு சிகிச்சை அன்று. நோய் வராமல் தடுக்கும் தடுப்பூசியும் அன்று. இருக்கும் நோயை முன்கூட்டியே காட்டும் கருவி மட்டுமே. கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்பட்டால், சிகிச்சை எளிதாகும். பலருக்கு மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டிய தேவையும் நேராது.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; சுமார் 98,000 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருவது, உயிரிழப்பு மிகுவதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும்.

யாருக்கு மாமோகிராம் தேவைப்படும்?

இரண்டு காரணங்களுக்காக இப்பரிசோதனை செய்யப்படுகிறது.

முதலாவது, அறிகுறி உள்ளவர்களுக்குக் காரணத்தை அறிவதற்காக. பின்வரும் மாற்றங்களில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், வயது எதுவாயினும் தாமதமின்றி சுகாதார நிலையத்தை அணுக வேண்டும்:

• மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி அல்லது தடிப்பு
• மார்பகத் தோல் குழிவிழுதல், சுருங்குதல், ஆரஞ்சுப் பழத்தோல் போல் ஆதல்
• முன்பு வெளியே இருந்த காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல்
• காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர் கசிதல்
• காம்பிலோ அதைச் சுற்றியோ ஆறாத புண், செதில், அரிப்பு
• ஒரு மார்பகத்தின் அளவிலோ வடிவிலோ புதிதாகத் தோன்றிய மாற்றம்
• சிவத்தல், வீக்கம்

வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத கட்டியோடு வயலுக்கும் காட்டுக்கும் சென்று வழக்கம்போல் உழைக்க முடியும் என்பதாலேயே பலர் மாதக்கணக்கில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். அதே வேளையில், மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எது எந்த வகை என்பதைப் பரிசோதனையே சொல்ல முடியும்.

இரண்டாவது, அறிகுறி ஏதும் இல்லாதவர்களிடம் நோயை முன்கூட்டியே தேடுவதற்காக. மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில் 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமோகிராம் எடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் பின்பற்றப்படும் முறை வேறு. 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தேசிய வழிகாட்டு நெறிமுறையின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பகப் பரிசோதனை செய்கிறார். அதில் ஐயம் எழுந்தால் மட்டுமே மாமோகிராம் அல்லது ஸ்கேன் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

கைப்பரிசோதனைதானே என்று அதைக் குறைவாக எண்ண வேண்டாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டு தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில் சுமார் 1,50,000 பெண்கள் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த பிரிவினரிடம் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது உயிரிழப்பில் உறுதியான குறைவு காணப்படவில்லை. எனினும், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது.

தாய், உடன்பிறந்தாள், மகள் ஆகியோரில் எவருக்கேனும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். உங்களுக்குப் பரிசோதனை முன்கூட்டியே தேவைப்படலாம்.

இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் எக்ஸ்ரே படத்தில் கட்டி தெளிவாகத் தெரியாது. எனவே, 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கருவுற்றவர்களுக்கும் பொதுவாக முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்யப்படும். ஆண்களுக்கும் அரிதாக மார்பகப் புற்றுநோய் வருவதுண்டு. காம்பின் அடியில் கட்டி தென்படும் ஆண்களும் மருத்துவரை அணுக வேண்டும்.

மலையிலிருந்து மருத்துவமனை வரை

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. ஆகவே, நீங்கள் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்துப் பரிந்துரைக்கப்படும் மருத்துவமனை மாறும். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்வதும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய பகுதிகளிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்குவதும் வழக்கம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அடுக்கம்பாறையிலுள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இப்பகுதிக்கான பெரிய அரசு மருத்துவமனைகள்.

மாமோகிராம் கருவி பொதுவாகப் பெரிய மருத்துவமனைகளிலேயே அமைந்திருக்கும். ஆனால் முதற்படிக்காக மலையிறங்க வேண்டியதில்லை. அது உங்கள் ஊருக்கு அருகிலேயே தொடங்குகிறது.

முதற்படி: கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர், துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் எதையேனும் அணுகுங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டில் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மலைக்கிராமங்களும் அம்மாவட்ட எல்லைக்குள் அடங்கும்.

இரண்டாம் படி: ஐயம் இருப்பின் மருத்துவர் பரிந்துரைச் சீட்டு வழங்குவார். அச்சீட்டைப் பெறும்போதே பின்வருவனவற்றைக் கேட்டறியுங்கள்:

• எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தக் கிழமை?
• அன்று மாமோகிராம் கருவி இயங்குகிறதா என்று முன்கூட்டியே உறுதிசெய்து சொல்ல இயலுமா?
• எத்தனை மணிக்குள் அங்கு இருக்க வேண்டும்?
• கட்டணம் உண்டா? காப்பீட்டு அட்டை தேவையா?
• முடிவு அன்றே கிடைக்குமா, மீண்டும் வர வேண்டுமா?

இக்கேள்விகளுக்கு விடை தெரிந்தால், வீண் பயணம் தவிர்க்கப்படும். புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையிலேயே இயங்கும் என்பதால், மலையிலிருந்து முதற்பேருந்தில் இறங்கினாலும் உரிய நேரத்தில் சென்று சேர முடியாத ஊர்கள் உண்டு. அத்தகைய நிலையில் முந்தைய நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இயலாதெனில், அதைச் செவிலியரிடம் தெரிவித்து வழி கேளுங்கள்.

பரிசோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

நாளைத் தேர்ந்தெடுத்தல்: மாதவிடாய் வரும் பெண்களுக்கு, மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மார்பகம் கனத்து வலியோடு இருக்கும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் பரிசோதனை செய்தால் வலி குறைவாக இருக்கும். மாதவிடாய் நின்றவர்கள் எந்த நாளிலும் செல்லலாம். ஆனால் கட்டி போன்ற அறிகுறி இருப்பின், நாள் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம்.

உணவு: வெறும் வயிற்றோடு செல்லத் தேவையில்லை. வழக்கம்போல் உண்டு, நீர் அருந்திச் செல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் உட்கொள்ளுங்கள். பயணம் நீண்டதாகையால் கட்டுச்சோறும் குடிநீரும் எடுத்துச் செல்வது நல்லது.

குளியல்: அன்று காலையில் மார்பையும் அக்குளையும் நன்கு கழுவுங்கள். முகப்பூச்சு மாவு, வாசனைத் தெளிப்பான், களிம்பு, மஞ்சள் ஆகியவற்றை அப்பகுதியில் பூச வேண்டாம். மாவிலும் களிம்பிலும் உள்ள துகள்கள் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரிந்து, சுண்ணாம்புப் படிவுகளோ என்ற குழப்பத்தை உண்டாக்கும். கட்டியின் மேல் பச்சிலைப் பற்று போட்டிருந்தால், அதையும் முழுவதுமாகக் கழுவிவிட்டு, பற்றுப் போட்டிருந்த செய்தியை மருத்துவரிடம் கூறுங்கள். அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது. தோலில் தெரியும் மாற்றத்துக்குக் காரணம் அறிய அத்தகவல் உதவும்.

உடை: இடுப்புக்கு மேல் உள்ள ஆடையை மட்டும் களைய வேண்டியிருக்கும். ஆகவே, புடவையும் இரவிக்கையும், அல்லது மேலாடை தனியாக உள்ள உடையும் வசதியானவை.

அணிகலன்: தாலி, சங்கிலி, பாசிமணி ஆகியவை படத்தின் குறுக்கே விழக்கூடும். அவற்றை முதுகுப்புறம் திருப்பிவிடலாமா, கழற்ற வேண்டுமா என்பதைப் படம் எடுப்பவர் கூறுவார். தாலியைக் கழற்றத் தயக்கமிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் பின்புறம் ஒதுக்கிவைத்தே படம் எடுத்துவிடலாம். கழற்றினால், உடன் வந்த பெண்ணிடம் ஒப்படையுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

• பரிந்துரைச் சீட்டு
• ஆதார் அட்டை, குடும்ப அட்டை
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் அது
• முன்பு எடுத்த மாமோகிராம், ஸ்கேன் படங்களும் அறிக்கைகளும்
• உட்கொள்ளும் மருந்துகள் அல்லது மருந்துச் சீட்டு

முன்னமே தெரிவிக்க வேண்டியவை: கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம், பாலூட்டுதல், மார்பகத்தில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, கட்டி இருக்கும் இடம். பாலூட்டும் தாய்மார்கள் பரிசோதனைக்குச் சற்று முன் குழந்தைக்குப் பாலூட்டினால் வலியும் குறையும், படமும் தெளிவாக அமையும். பரிசோதனைக்குப் பின்னர் வழக்கம்போல் பாலூட்டலாம். எக்ஸ்ரே கதிர் தாய்ப்பாலில் தங்குவதில்லை.

பரிசோதனை அறையில் நடப்பது என்ன?

1. உங்கள் பெயர், வயது, அறிகுறி ஆகியவை சரிபார்க்கப்படும். நுண்கதிர் வீச்சாளர், அதாவது எக்ஸ்ரே எடுப்பவர், உங்களை அறைக்குள் அழைத்துச் செல்வார். பெண் பணியாளர் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆண் பணியாளராக இருப்பின், பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கோருவது முறையானதே.

2. மறைவான இடத்தில் மேலாடையைக் களைந்து, தரப்படும் அங்கியை அல்லது துணியைப் போர்த்திக்கொள்வீர்கள். படம் எடுக்கப்படும் பக்கம் மட்டும் திறக்கப்படும்.

3. கருவியின் முன் நின்றுகொள்வீர்கள். நிற்க இயலாதவர்கள் அமர்ந்தும் எடுத்துக்கொள்ளலாம். நுண்கதிர் வீச்சாளர் உங்கள் மார்பகத்தைக் கையால் தாங்கி, தட்டையான பலகையின் மேல் வைப்பார். கை, தோள், முகம் ஆகியவற்றைச் சரியான நிலையில் திருப்பிவைப்பார். பலகை சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்.

4. மேலிருந்து ஒளி ஊடுருவும் நெகிழித் தட்டு ஒன்று மெல்ல இறங்கி மார்பகத்தை அழுத்தும். சில நொடிகள் மூச்சை அடக்கி அசையாமல் இருக்கச் சொல்வார்கள். அந்நேரத்தில் படம் எடுக்கப்படும். உடனே அழுத்தம் தளர்த்தப்படும்.

5. ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து கீழாக ஒன்றும், பக்கவாட்டில் சாய்வாக ஒன்றும் என இரண்டு படங்கள், மொத்தம் நான்கு படங்கள் எடுக்கப்படும். ஒரு பக்கம் மட்டுமே கட்டி இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பொதுவாக இரு பக்கமும் எடுப்பார்கள். சாய்வுப் படத்தில் அக்குள் பகுதியும் இடம்பெறும்.

6. படங்கள் தெளிவாக உள்ளனவா என்று பார்க்கும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஒரு படம் மீண்டும் எடுக்கப்பட்டால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் அசைவு அல்லது நிலை மாறியதே காரணமாக இருக்கும்.

ஊசியோ மயக்க மருந்தோ இதில் இல்லை. முடிந்தவுடன் நடந்து செல்லலாம், வேலை செய்யலாம்.

அழுத்துவது ஏன்?

மார்பகம் தட்டையாகப் பரவினால்தான் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள திசுக்கள் விலகி, அவற்றுக்கிடையே மறைந்துள்ள சிறு கட்டி தெரியும். அசைவு நின்று படம் தெளிவாகும். தேவைப்படும் கதிர்வீச்சின் அளவும் குறையும். அழுத்தம் சிலருக்கு இறுக்கமாகவும் சிலருக்கு வலியாகவும் இருக்கும். அது சில நொடிகளே நீடிக்கும். தாங்க முடியாவிட்டால் உடனே சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைப்பார்கள். அழுத்துவதால் கட்டி உடையாது, புற்றுநோய் பரவாது.

கதிர்வீச்சு ஆபத்தானதா?

நிலம், பாறை, வானம் ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே நம்மீது சிறிதளவு கதிர்வீச்சு படுகிறது. உலகச் சராசரிப்படி இது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இருபக்க மாமோகிராம் ஒன்றில் கிடைப்பது ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட், அதாவது, இரண்டு மாதங்களில் இயற்கையாகப் பெறும் அளவு. நோயை முன்கூட்டியே கண்டறிவதால் விளையும் நன்மை இதைவிட மிகப் பெரிது.

முடிவை அறிந்துகொள்ளுதல்

படங்களைக் கதிரியக்க மருத்துவர் ஆராய்ந்து அறிக்கை அளிப்பார். சில இடங்களில் அன்றே கிடைக்கும். சில இடங்களில் சில நாட்கள் ஆகும். மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன், முடிவு என்று, எங்கே, யாரிடம் கிடைக்கும் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மலையில் பல ஊர்களில் கைபேசித் தொடர்பு சரிவரக் கிடைப்பதில்லை. எனவே, உங்கள் எண்ணுடன், கீழ்நாட்டில் உள்ள உறவினர் ஒருவரின் எண்ணையோ, உங்கள் கிராம சுகாதார செவிலியரின் எண்ணையோ சேர்த்துக் கொடுங்கள். கூலி வேலைக்காக வெளியூர் அல்லது வெளிமாநிலம் செல்லவிருப்பவர்கள், முடிவை அறிந்த பின் செல்வது நல்லது. முன்னரே செல்ல நேர்ந்தால், சென்றுள்ள ஊரையும் தொடர்பு எண்ணையும் செவிலியரிடம் தெரிவியுங்கள். குறித்த நாளுக்குள் செய்தி வரவில்லையெனில், எல்லாம் நலம் என்று எண்ணிவிடாமல் நேரில் கேட்டறியுங்கள்.

அறிக்கையில் "பை-ராட்ஸ்" என்ற சொல்லும் அதனருகே ஓர் எண்ணும் இருக்கும். அவ்வெண்ணின் பொருள் வருமாறு:

0 – முடிவு கூறப் படம் போதவில்லை. கூடுதல் படமோ ஸ்கேனோ, பழைய படங்களோ தேவை.
1 – மாற்றம் ஏதும் இல்லை.
2 – மாற்றம் உண்டு. ஆனால் அது தீங்கற்றது.
3 – தீங்கற்றதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி; புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேற்படாது. பொதுவாக 6 மாதங்களில் மீண்டும் படம் எடுக்க வேண்டும்.
4 – ஐயத்துக்குரியது. திசுப் பரிசோதனை தேவை.
5 – புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். உடனடியாகத் திசுப் பரிசோதனை தேவை.
6 – புற்றுநோய் என்று திசுப் பரிசோதனையில் முன்னரே உறுதிசெய்யப்பட்டது.

இவ்வெண் நோயின் நிலையைக் குறிப்பதன்று. "பை-ராட்ஸ் 4" என்பதை நான்காம் நிலைப் புற்றுநோய் என்று தவறாகப் புரிந்துகொண்டு மனமுடைந்துவிட வேண்டாம். எண் 4 பெற்றவர்களில் பலருக்குத் திசுப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்றே தெரியவருகிறது.

மீண்டும் அழைக்கப்பட்டால்

மலையிலிருந்து ஒருமுறை இறங்கி வந்தவருக்கு, மீண்டும் வரச் சொல்லும் செய்தி இரு வகையில் சுமையாகிறது. ஒன்று அச்சம், மற்றொன்று செலவு. இந்த இடத்திலேயே பலர் நின்றுவிடுகின்றனர். எண் 0, 3, 4, 5 ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த படியை நிறைவேற்றாவிட்டால் முதற்பயணத்தின் பயன் கிட்டாமற் போகும்.

பரிசோதனைக்குப் பின் கூடுதல் ஆய்வுக்கு அழைக்கப்படுவது பரவலாக நிகழ்வதே. அறிகுறியின்றி மாமோகிராம் எடுத்து, பின்னர் மீண்டும் அழைக்கப்படும் பெண்களில், பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது என்று வெளிநாட்டு அனுபவங்கள் காட்டுகின்றன. எனவே, அழைப்பு வந்ததால் அஞ்சவும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் இராது என்று கருதிச் செல்லாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

திசுப் பரிசோதனையில், தோலை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டபின், மற்றோர் ஊசியால் கட்டியிலிருந்து சிறிதளவு திசு எடுக்கப்படும். பொதுவாக அன்றே வீடு திரும்பலாம். ஊசி பட்டால் புற்றுநோய் பரவும் என்ற அச்சம் பலரிடம் உண்டு, அது உண்மையன்று. சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கத் திசுப் பரிசோதனை இன்றியமையாதது.

மாமோகிராம் காட்டாதவையும் உண்டு

எந்தப் பரிசோதனையும் முழுமையானதன்று. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்றை மாமோகிராம் காட்டாமல் விட்டுவிடக்கூடும். அடர்த்தியான மார்பகத்தில் இவ்வாய்ப்பு மேலும் மிகுதி. ஆகவே, படத்தில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தபோதும் கையில் கட்டி தட்டுப்பட்டால், மருத்துவரிடம் அதைச் சொல்லி ஸ்கேன் அல்லது திசுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பரிசோதனை முடிந்து சில மாதங்கள் கழித்துப் புதிய மாற்றம் தோன்றினாலும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

மறுபுறம், உயிருக்குத் தீங்கு விளைவிக்காத மாற்றங்களையும் மாமோகிராம் சுட்டிக்காட்டி, தேவையற்ற கவலைக்கும் கூடுதல் பரிசோதனைக்கும் இடமளிப்பதுண்டு. மருத்துவரின் பரிந்துரையுடன், உங்கள் வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஏற்பப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

உடன் செல்லும் உறவினர்களுக்கு

• கூடுமானவரை ஒரு பெண் உறவினர் உடன் செல்லட்டும். படம் எடுக்கும்போது அவர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். உடை மாற்றவும் சீட்டு வாங்கவும் அவருடைய துணை உதவும்.
• பெண்கள் தம் உடல்நலக் குறையை வீட்டில் சொல்லத் தயங்குவதுண்டு. ஒரு பெண் கட்டி இருப்பதாகச் சொன்னால், விதைப்பு முடியட்டும், சாமை அறுவடை முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று தள்ளிவைக்காதீர்கள்.
• கணவர், மகன் ஆகியோர் வீட்டுப் பொறுப்பை அன்று ஏற்றுக்கொள்வதே அப்பெண்ணுக்குச் செய்யும் பெரிய உதவியாகும்.
• வயது முதிர்ந்தவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். வயது கூடக்கூட மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.
• முடிவை நோயாளியிடமிருந்து மறைக்காதீர்கள். தம் உடலைப் பற்றி அறியவும், சிகிச்சை குறித்து முடிவெடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு.
• படங்களையும் அறிக்கைகளையும் மடிக்காமல், நனையாமல், நெகிழி உறையில் இட்டுப் பாதுகாத்து வையுங்கள். அடுத்த பரிசோதனையின்போது ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்பில் அடிபட்டால் புற்றுநோய் வருமா?
வராது. அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கும்போது, முன்னரே இருந்த கட்டி தெரியவருவதுண்டு.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?
தொற்றாது. ஒன்றாக உண்பதாலோ, உறங்குவதாலோ, பாலூட்டுவதாலோ பரவாது.

பிள்ளைகளுக்குப் பாலூட்டியவர்களுக்கு இந்நோய் வராதா?
பாலூட்டுதல் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது, முற்றிலும் தடுப்பதில்லை. ஆகவே, அறிகுறி தோன்றினால் பரிசோதனை தேவை.

பச்சிலை மருந்தால் கட்டி கரையுமா என்று சில மாதம் பார்க்கலாமா?
காத்திருக்கும் மாதங்களில் கட்டி வளரக்கூடும். முதலில் அது எத்தகைய கட்டி என்பதைப் பரிசோதனை மூலம் அறிந்துகொள்ளுங்கள்.

புற்றுநோய் என்று தெரிந்தால் மார்பகத்தை அகற்றியே ஆக வேண்டுமா?
கட்டியின் அளவையும் நிலையையும் பொறுத்தது. தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பது பலருக்குப் போதுமானதாகிறது.

சிகிச்சையும் செலவும்

புற்றுநோய் உறுதியானால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் இச்சிகிச்சையை வழங்குகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு உண்டு. புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, மருந்துச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவை இத்திட்டத்தில் அடங்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், நோய் உறுதியாகும் வரை காத்திராமல், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

நினைவில் கொள்க

• வலிக்காத கட்டியையும் உடனே காட்டுங்கள்.
• புறப்படும் முன் மருத்துவமனை, நாள், நேரம் ஆகியவற்றை உறுதிசெய்யுங்கள். உண்டபின் செல்லுங்கள், மார்பிலும் அக்குளிலும் எதையும் பூச வேண்டாம்.
• முடிவு கிடைக்கும் நாளை எழுதி வாங்காமல் மருத்துவமனையை விட்டு வர வேண்டாம்.
• மீண்டும் அழைத்தால் தவறாமல் செல்லுங்கள்.
• படம் நன்றாக இருந்தும் கட்டி தட்டுப்பட்டால், மறுபடியும் மருத்துவரிடம் கூறுங்கள்.

உதவிக்கு: மருத்துவ ஆலோசனை பெற 104, காப்பீட்டுத் திட்ட விவரங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. தொலைபேசி வசதி இல்லாதவர்கள், ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ, பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ நேரில் கேட்கலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் உடல்நிலைக்கு உரிய ஆலோசனையை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடமே பெறுங்கள்.